தனியாரிடம் பழைய சூப்பர்கார் வாங்கப் போகிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

ஒரு ஃபெராரி எஃப்430 வாங்க எனக்குப் பதினான்கு மாதங்கள் ஆயின. முதலில் பார்த்த காருக்கு அவசரப்பட்டு அட்வான்ஸ் கொடுத்தேன். கார் மீது கடன் இருப்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தப் பணத்தைத் திரும்ப வாங்க நான்கு மாதங்கள் அலைந்தேன். இரண்டாவது கார் பார்க்க அற்புதமாக இருந்தது, ஆனால் சோதனையில் விழுந்துவிட்டது. மூன்றாவது கார்தான் என்னிடம் இருக்கிறது. இந்த அலைச்சலில் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். டீலரை விட்டுவிட்டு நேரடியாக ஓனரிடம் வாங்குபவர்களுக்கான வழிகாட்டி இது. டீலரின் லாபம் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் டீலர் செய்து தரும் சோதனை, வாரன்டி, பேப்பர் வேலை எல்லாம் உங்கள் தலையில் வந்து விழும்.

1. கையில் இருக்கும் பணத்தை முதலிலேயே பிரித்துவிடுங்கள்

மொத்தப் பணத்தையும் கார் விலைக்கே போட்டுவிடாதீர்கள். குறைந்தது 15 சதவீதத்தைத் தனியாக ஒதுக்கச் சொல்வேன். இது என் கணக்கு, சிலர் இன்னும் அதிகமாகவே வைப்பார்கள். டயர், பெரிய சர்வீஸ், பெயர் மாற்றக் கட்டணம், வரி, முதல் ஆண்டு இன்சூரன்ஸ், சோதனைச் செலவு எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கார் பழசாகப் பழசாக அதன் விலை இறங்கும். உதிரி பாகத்தின் விலை இறங்காது. புதிதாக இருந்தபோது எந்த விலைக்கு விற்றதோ அந்த விலைக்கு ஏற்ற பராமரிப்பைத்தான் அது இன்றும் கேட்கும். பாதி விலைக்குக் கிடைத்தது என்பதற்காக பிரேக் டிஸ்க் பாதி விலைக்குக் கிடைக்காது.

கார் தேடத் தொடங்கும் முன்பே இன்சூரன்ஸ் கேட்டுவிடுங்கள். உங்கள் வயது, ஓட்டிய அனுபவம், இரவில் காரை எங்கே நிறுத்துவீர்கள் என்பதெல்லாம் பிரீமியத்தை மாற்றும். விபத்தில் கார் முழுதாகப் போனால் முன்பே ஒப்புக்கொண்ட தொகையைத் தரும் பாலிசி கிடைத்தால் அதையே எடுங்கள். சந்தை விலை தருகிறோம் என்று சொல்லும் பாலிசியில், அந்த விலை எவ்வளவு என்பதை அப்போது அவர்கள்தான் சொல்வார்கள்.

2. ஒரே ஒரு மாடலைப் பிடித்து, அதன் நோய்களைப் படியுங்கள்

எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, நல்ல விலையில் கிடைத்தால் போதும் என்று தேடினால் எதைப் பற்றியும் முழுதாகத் தெரியாமலே காரின் முன்னால் போய் நிற்பீர்கள். ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனி பலவீனம் உண்டு.

ஃபெராரி எஃப்355-இல் டைமிங் பெல்ட் (எஞ்சின் வால்வுகளை இயக்கும் பெல்ட்) மாற்ற எஞ்சினையே இறக்க வேண்டும். அதற்கு அடுத்து வந்த 360-இலும் பெல்ட்தான், ஆனால் இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் மூடியைத் திறந்து மாற்றிவிடலாம். எஃப்430-இலிருந்து செயின் வந்துவிட்டதால் அந்தச் செலவே இல்லை. அதற்குப் பதிலாக எஃப்430-இல் எஞ்சினின் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் விரிசல் விடும். அந்த உடைசல் எஞ்சினுக்குள் போனால் கதை முடிந்தது.

கொஞ்சம் பழைய போர்ஷே 911 டர்போ, ஜிடி3 கார்களில், அதாவது 996, 997 தலைமுறைகளில், கூலன்ட் குழாய்களைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். பசை விட்டுப்போனால் கூலன்ட் ஒரேயடியாகக் கொட்டும். அதை வெல்டிங் செய்தோ உலோகப் பின் அடித்தோ சரிசெய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ஆடி ஆர்8-இல் மேக்னெடிக் ஷாக் அப்சார்பர் எண்ணெய் கசியும். லம்போர்கினி கல்லார்டோவின் இ-கியர் (கிளட்ச் பெடல் இல்லாமல் கணினியே கியர் மாற்றும்) கார்களில் கிளட்ச் எவ்வளவு மிச்சம் என்பதுதான் முதல் கேள்வி. மெக்லாரன் 12சி-யில் சஸ்பென்ஷனின் அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் ஹைட்ராலிக் அக்யுமுலேட்டர் பலம் இழக்கும்.

ரீகால், அதாவது குறையுள்ள கார்களை நிறுவனமே திரும்ப அழைத்துச் சரிசெய்த விவரங்களையும் பாருங்கள். எஃப்430-க்கு அடுத்து வந்த 458-இன் சக்கர வளைவில் இருந்த பசை சூட்டில் தீப்பிடித்ததால் 2010-இல் ஃபெராரி அந்தக் கார்களைத் திரும்ப அழைத்தது. 2014-இல் போர்ஷே, 991 தலைமுறை ஜிடி3 கார்கள் 785-க்கும் எஞ்சினையே மாற்றிக் கொடுத்தது. நீங்கள் பார்க்கும் கார் இப்படி ஒரு ரீகாலில் அடங்கும் என்றால், வேலை முடிந்ததா என்பதை சேசிஸ் எண்ணைக் கொடுத்து நிறுவனத்திடமே கேட்கலாம்.

3. விலை எப்போது இறங்கும், எப்போது இறங்காது

சந்தையைக் கணித்து அடிமட்ட விலையில் வாங்கிவிடலாம் என்று நானும் நினைத்தேன். அடிமட்டம் எது என்பது அது போன பிறகுதான் தெரியும். ஆனாலும் விலை அசையும் விதத்தில் சில ஒழுங்குகள் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்து வைத்திருந்தால் மிகத் தவறான நேரத்தில் வாங்க மாட்டீர்கள்.

முதலாவது, காரின் வயது. அதிக எண்ணிக்கையில் தயாரான சூப்பர்கார்கள் முதல் சில ஆண்டுகளில் மளமளவென்று விலை இறங்கும். பிறகு இறக்கம் மெதுவாகி ஒரு இடத்தில் சமதளமாக நிற்கும். அந்தச் சமதளத்தில் வாங்கினால் இரண்டு மூன்று ஆண்டுகள் ஓட்டிவிட்டு விற்கும்போது இழப்பு குறைவு. இரண்டு வயதுக் காரை ‘புதுசு மாதிரியே இருக்கிறது, விலையும் கணிசமாகக் குறைவு’ என்று வாங்குபவர்தான் பெரும்பாலும் அடுத்த இறக்கத்தைச் சுமக்கிறார்.

இரண்டாவது, அடுத்த மாடல். புதிய மாடல் அறிமுகமானதும் பழையதை விற்றுவிட்டுப் புதியதற்கு மாறுகிறவர்கள் ஒரே நேரத்தில் சந்தைக்கு வருவார்கள். 2014-இல் 650எஸ் வந்தபோது மெக்லாரன் 12சி-க்கு நேர்ந்தது இதுதான். மூன்றே ஆண்டு வயதான மாடல் பழையதாகிவிட்டது.

இதற்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு. புதிய மாடலில் ஏதாவது ஒன்று போய்விட்டால் பழையதற்கு மதிப்பு கூடும். 2015-இல் அடுத்த ஃபெராரியான 488 டர்போவோடு வந்ததும், டர்போ இல்லாத 458-ஐத் தேடிப்போகிறவர்கள் உருவானார்கள். 458-இல் கையால் மாற்றும் கியர்பாக்ஸ் இல்லை என்பதால், அது கடைசியாக இருந்த எஃப்430-இன் மேனுவல் கார்கள் அதே எஃப்430-இன், கிளட்ச் பெடல் இல்லாத எஃப்1 கியர்பாக்ஸ் கார்களைவிட வெகு அதிக விலைக்குப் போகின்றன. ஆடி ஆர்8-இன் முதல் தலைமுறையோடு மேனுவல் நின்றது. லம்போர்கினியிலும் இப்படி ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. ஹுராகானின் வி10 எஞ்சின் போய், 2024-இல் அறிமுகமான டெமராரியோவில் இரட்டை டர்போ வி8-ம் மின்மோட்டாரும் வந்துவிட்டன. ஆகவே ‘புது மாடல் வரட்டும், விலை விழும்’ என்று காத்திருக்கும் முன், அந்தப் புது மாடலில் என்ன இல்லை என்று பாருங்கள்.

மூன்றாவது, வட்டி. இந்தக் கார்களைப் பலர் கடனில்தான் வாங்குகிறார்கள். 2021-இல் புதிய கார் உற்பத்தி சிப் தட்டுப்பாட்டால் தடுமாறியது, வட்டியும் குறைவாக இருந்தது, பழைய கார் விலை எகிறியது. 2022-இலிருந்து வட்டி ஏற ஏற அந்தச் சூடு தணிந்தது. உச்சத்தில் வாங்கியவர்களில் சிலர், தாங்கள் கொடுத்த விலைக்குக் கீழே வர மனம் வராமல் விளம்பரத்தை மாதக்கணக்கில் அப்படியே விட்டுவைப்பார்கள். அவர்கள் சொல்லும் விலையைச் சந்தை விலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான்காவது, பருவம். கூரை திறக்கும் கார்களை வெயில் தொடங்கும்போது எல்லோரும் தேடுவார்கள். பனியோ மழையோ தொடங்கும் முன், ‘இன்னும் நாலைந்து மாதம் இதைச் சும்மா நிறுத்திவைக்க வேண்டுமே’ என்று ஓனர் யோசிக்கும் வாரங்களில் பேச்சு எளிதாக நடக்கும். வரி கட்டும் தேதி, இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் தேதி, பெரிய சர்வீஸ் தேதி நெருங்கும்போதும் அப்படித்தான்.

இதையெல்லாம் பயன்படுத்த ஒரு நோட்டு போடுங்கள். உங்கள் மாடலில் விற்பனைக்கு வரும் ஒவ்வொரு காரையும் குறித்துவையுங்கள்: சேசிஸ் எண், ஓடிய தூரம், கேட்கும் விலை, விளம்பரம் வந்த நாள், விலை குறைத்த நாள், விளம்பரம் மறைந்த நாள். கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. விற்ற விலை தெரிய வேண்டுமானால் ஏல முடிவுகளைப் பாருங்கள், அவை பொதுவில் வெளியாகின்றன. மூன்று மாதம் எழுதிவிட்டால் எந்தக் கார் நியாயமான விலை என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவீர்கள். நான் வாங்கிய கார் என் நோட்டில் இரண்டு முறை வந்திருந்தது. முதல் முறை விலை போகாமல் எடுத்துவிட்டு, எட்டு மாதம் கழித்து மறுபடி போட்டிருந்தார்கள். பேச்சை எங்கே தொடங்குவது என்று எனக்குத் தெரிந்திருந்தது அதனால்தான்.

4. முதல் போனில் கேட்க வேண்டியவை

சுருக்கமாகப் பேசுங்கள். கார் உங்கள் பெயரில்தான் இருக்கிறதா? எத்தனை ஆண்டுகளாக வைத்திருக்கிறீர்கள்? கடன் பாக்கி உண்டா? விபத்தில் பட்டதா, பெயின்ட் அடித்ததா? கடைசி சர்வீஸ் எப்போது, எங்கே? நான் சொல்லும் இடத்தில் சோதனைக்கு விடுவீர்களா?

கடைசிக் கேள்விக்குத் தயங்கினால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். ‘கார் இப்போது வெளிநாட்டில் இருக்கிறது, பணத்தை இருவருக்கும் பொதுவான நடுவர் கணக்கில் போட்டால் அனுப்பிவைக்கிறேன்’ என்பது பழகிப்போன மோசடி. நடுவர் சேவை என்று அவர்கள் அனுப்பும் இணைப்பும் அவர்களே உருவாக்கியதாக இருக்கும். காரைக் கண்ணால் பார்க்காமல் எதுவும் அனுப்ப வேண்டாம்.

5. ஆவணங்கள்: இங்கேதான் நான் அடிபட்டேன்

காரைப் பார்க்கப் போகும் முன்பே ஆவணங்களின் நகலைக் கேட்டு வாங்குங்கள். காரைப் பார்த்துவிட்டால், ஸ்டார்ட் செய்யும் சத்தத்தைக் கேட்டுவிட்டால், பேப்பரைக் கவனமாகப் படிக்கும் பொறுமை போய்விடும். எனக்கு அதுதான் நடந்தது.

உரிமைச் சான்று. அதில் இருக்கும் பெயரும் விற்பவரின் அடையாள அட்டைப் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இருவர் பெயரில் இருந்தால் இருவரும் கையெழுத்திட வேண்டும். நிறுவனத்தின் பெயரில் இருந்தால், விற்க இவருக்கு அதிகாரம் உண்டு என்ற கடிதம் வேண்டும். ஓனர் இறந்துவிட்டு வாரிசு விற்கிறார் என்றால் வாரிசுரிமைப் பத்திரம் முடியும் வரை அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.

சேசிஸ் எண். இது எழுத்தும் எண்ணுமாக 17 இடங்கள் கொண்டது. சான்றிலும், முன் கண்ணாடிக்கு அடியிலும், உடல் பகுதியிலும் ஒரே எண்தானா என்று ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். இதில் ஆங்கில எழுத்துகளான ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்றும் வராது. வந்தால் எங்கோ தவறு இருக்கிறது.

கடன். பதிவு அலுவலகத்திலோ, உங்கள் நாட்டில் இதற்கென இருக்கும் பதிவேட்டிலோ நீங்களே சரிபாருங்கள். ‘கடன் முடிந்துவிட்டது, பேப்பர்தான் வரவில்லை’ என்று என்னிடம் சொன்னதை நம்பினேன். கடன் முடியவில்லை. கடன் கொடுத்தவருக்கு அந்தக் கார் மீது உரிமை இருக்கும்வரை, நீங்கள் முழுப் பணம் கொடுத்து வாங்கியிருந்தாலும் அவர்கள் காரை எடுத்துப்போக முடியும்.

சர்வீஸ் பில்கள். சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும் முத்திரையை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள், முத்திரையை யாரும் செய்துவிடலாம். பில்லில் தேதி, ஓடிய தூரம், மாற்றிய பாகம் எல்லாம் இருக்கும். பில்களைத் தேதிவாரியாக அடுக்கி ஓடிய தூரத்தை எழுதிப் பாருங்கள். தூரம் எங்காவது குறைந்தாலோ இரண்டு ஆண்டுகள் அசையாமல் நின்றாலோ காரணம் கேளுங்கள். வெறுமனே நிறுத்தி வைத்திருந்ததாகச் சொன்னால், அந்த இரண்டு ஆண்டுகளிலும் எண்ணெய் மாற்றினார்களா என்பது அடுத்த கேள்வி. இந்தக் கார்களுக்கு சர்வீஸ் தூரக் கணக்கில் மட்டும் வருவதில்லை, ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும். மிகக் குறைந்த தூரம் ஓடிய கார் என்று அதிக விலை கொடுத்து வாங்கி, காய்ந்துபோன சீல்களையும் கசிவுகளையும் சேர்த்து வாங்குபவர்கள் பலர். ஒழுங்காக ஓட்டி ஒழுங்காகச் செலவு செய்த கார் எனக்கு மேல்.

இரண்டு சாவிகள், கையேடுகள், டூல் கிட், பேட்டரி சார்ஜர் எல்லாம் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். இரண்டாவது சாவி இல்லை என்றால் அதன் விலையை விசாரித்துவிட்டுப் பேசுங்கள்.

6. நேரில் பார்க்கும்போது

பகலில், மழை இல்லாத நேரத்தில் போங்கள். ‘நான் வந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் எஞ்சின் மூடியில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த நிலையில் வரும் சத்தத்தையோ புகையையோ உங்களிடமிருந்து மறைத்திருக்கலாம்.

டயர் பக்கவாட்டில் இருக்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரான வாரமும் ஆண்டும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஆறு வருடத்துக்கு மேல் போன டயரை, பட்டன் தேயாமல் பளபளவென்று இருந்தாலும், இவ்வளவு வேகம் போகும் காரில் நம்ப மாட்டேன். நான்கு டயரின் விலையைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெயின்ட் தடிமன் பார்க்கும் கருவி வைத்திருந்தால் நல்லது. ஆனால் இரும்புக்கு மட்டும் வேலை செய்யும் மலிவான கருவி அலுமினிய உடலில் ஒன்றும் காட்டாது, கார்பன் ஃபைபரில் சாதாரணக் கருவி எதுவும் வேலை செய்யாது. பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தால் அதன் தடிமனும் சேர்ந்து கூடுதலாகக் காட்டும். ஒரு எண்ணைப் பிடித்துக்கொள்ளாமல், இடது கதவையும் வலது கதவையும் ஒப்பிடுங்கள்.

ஏசி, ஜன்னல்கள், முன்பக்கத்தை உயர்த்தும் லிஃப்ட், எல்லா பட்டன்களும் வேலை செய்கின்றனவா என்று ஒவ்வொன்றாக அமுக்கிப் பாருங்கள். எஃப்355, 360, எஃப்430 காலத்து ஃபெராரிகளில் பட்டன்களின் மேல்பூச்சு பிசுபிசுவென்று ஒட்டும். பயப்பட வேண்டாம், சரிசெய்யக்கூடியதுதான்.

டெஸ்ட் டிரைவுக்கு இன்சூரன்ஸ் உங்களையும் சேர்த்துத்தானா என்று கேட்காமல் ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள். இல்லையென்றால் ஓனர் ஓட்டட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள்.

7. வாங்கும் முன் சோதனை

அந்த மாடலில் தினமும் கை வைக்கும் மெக்கானிக்கிடம் காரைக் கொடுங்கள். விற்பவர் வழக்கமாக சர்வீஸ் செய்யும் இடம் வேண்டாம், அவர்களின் வாடிக்கையாளர் அவர்தான். செலவு உங்களுடையது. நல்ல மெக்கானிக்கிடம் நாள் கிடைக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதனால் விலை பேசத் தொடங்கும்போதே நாள் கேட்டுவிடுங்கள்.

‘ஒரு பார்வை பாருங்கள்’ என்று சொல்லாமல் என்னென்ன வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். சிலிண்டர் கம்ப்ரெஷன், லீக்டவுன் சோதனை (சிலிண்டரில் அழுத்தம் நிற்கிறதா, கசிகிறதா என்று பார்ப்பவை). காரை உயர்த்தி அடிப்பாகம் முழுதும் போட்டோ. கிளட்ச் மிச்சம் எத்தனை சதவீதம் என்ற அளவு, எஃப்1, இ-கியர் கார்களில் இதைக் கம்ப்யூட்டரில் படிக்கலாம். போர்ஷே என்றால் எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினியில் பதிவான ஓவர்-ரெவ் கணக்கு, அதாவது எஞ்சின் தன் வரம்பைத் தாண்டிச் சுழன்ற கணக்கு. 997 தலைமுறையிலிருந்து இது ஆறு படிகளாக இருக்கும். கீழ்ப் படிகளில் எண்கள் இருப்பது சாதாரணம். நான்காவதற்கு மேல் இருந்தால், அதுவும் அண்மையில் நடந்திருந்தால், யாரோ தவறான கியரில் இறக்கியிருக்கிறார்கள்.

கார்பன் செராமிக் பிரேக் டிஸ்க்கைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. குறைந்தபட்ச எடை டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கழற்றி எடை போட வேண்டும். ரேஸ் டிராக்கில் ஓடிய காரா என்பதையும் இது காட்டிக்கொடுக்கும். ஒரு செட் டிஸ்க்கின் விலையைக் கேட்ட பிறகு எடை போடும் கூலி பெரிதாகத் தெரியாது.

நான் விட்டுவிட்ட இரண்டாவது காரில் பிழைக் குறியீடு (கோளாறு வந்தால் காரின் கணினி பதிவுசெய்வது) ஒன்றுகூட இல்லை. மெக்கானிக் அதையே சந்தேகித்தார். குறியீடுகளை அழித்த பிறகு எவ்வளவு தூரம் ஓடியது என்பதையும் கார் நினைவில் வைத்திருக்கும். முந்தைய நாள்தான் அழித்திருந்தார்கள். அழித்ததும் கார் தானே செய்துகொள்ளும் சுய சோதனைகள் முடியாமல் ‘தயாராக இல்லை’ என்று காட்டின. அப்புறம் மேனிஃபோல்டைப் பார்த்தால், விரிசல். இதைக் கண்டிப்பாகக் கேளுங்கள்: குறியீடு உண்டா என்று மட்டும் பார்க்காமல், எப்போது அழிக்கப்பட்டது என்று பாருங்கள்.

8. விலையும் அட்வான்ஸும்

சோதனை அறிக்கையையும் சரிசெய்யும் செலவு மதிப்பீட்டையும் எழுத்தில் வாங்கி விற்பவரிடம் காட்டுங்கள். ‘கொஞ்சம் குறையுங்கள்’ என்று கேட்டால் கோபம் வரும். பட்டியலைக் காட்டினால் பெரும்பாலானவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். இந்தக் கார்களின் ஓனர்களுக்கு அவற்றின் மேல் பாசம் இருக்கும், காரைக் குறை சொல்லாதீர்கள்.

அட்வான்ஸ் சிறிய தொகையாக இருக்கட்டும். கடன் இல்லை என்று உறுதியாகி, சோதனையில் தேறினால்தான் விற்பனை, இல்லையென்றால் முழுத் தொகையும் இத்தனை நாளில் திரும்பும் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். என் முதல் அட்வான்ஸுக்கு இந்த ஒரு தாள் இருந்திருந்தால் நான்கு மாதம் அலைந்திருக்க மாட்டேன்.

9. பணம் கொடுக்கும் நாள்

வங்கி திறந்திருக்கும் நாளில், முடிந்தால் வங்கிக்குள்ளேயே முடியுங்கள். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். பெரிய தொகையை அனுப்ப வங்கியில் தினசரி வரம்பு இருக்கும், இரண்டு நாள் முன்பே சொல்லிவைத்தால் அன்று கடைசி நேரத்தில் தவிக்க வேண்டியதில்லை. கடன் பாக்கி இருந்தால் அந்தப் பகுதியை நேராகக் கடன் கொடுத்த நிறுவனத்துக்கே அனுப்பி, உரிமையை விடுவித்த கடிதத்தை வாங்கிய பிறகு மீதியை விற்பவருக்கு அனுப்புங்கள்.

விற்பனை ஒப்பந்தத்தில் சேசிஸ் எண், எஞ்சின் எண், அன்றைய தூரம், தேதி, நேரம், முழுத் தொகை பெற்றுக்கொண்டது, விற்பவர் அறிந்த விபத்து விவரம், காரோடு வரும் பொருட்கள் எல்லாம் இருக்க வேண்டும். நேரம் ஏன் என்றால், அதற்கு முன் விழுந்த அபராதமும் நடந்த விபத்தும் அவருடையது. உங்கள் இன்சூரன்ஸ் அந்த நேரத்துக்கு முன்பே தொடங்கியிருக்கட்டும். பெயர் மாற்ற விண்ணப்பத்தில் அங்கேயே கையெழுத்து வாங்கிவிடுங்கள், பிறகு அவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

முதல் போனிலிருந்து சாவி கைக்கு வரும்வரை எனக்கு ஐந்து வாரம் ஆனது. ஒரே வாரத்தில் முடித்தாக வேண்டும் என்று விற்பவர் நெருக்கினால் காரணம் கேளுங்கள். வேலை மாற்றம், வீடு மாற்றம் போன்ற நியாயமான காரணங்களும் இருக்கலாம்.

10. முதல் மாதம்

எஞ்சின் எண்ணெய், கியர் எண்ணெய், பிரேக் எண்ணெய், கூலன்ட் எல்லாவற்றையும் மாற்றி, அந்தத் தேதியிலிருந்து உங்கள் சொந்தக் கணக்கைத் தொடங்குங்கள். ஓட்டாத நாட்களில் பேட்டரியை அதற்கான சார்ஜரில் போட்டுவையுங்கள். பேட்டரி பலம் குறைந்தால் இந்தக் கார்கள் சம்பந்தமே இல்லாத எச்சரிக்கை விளக்குகளை எல்லாம் எரியவிடும். எனக்கு இரண்டாவது வாரத்தில் கியர்பாக்ஸ் விளக்கு எரிந்தது, பேட்டரி மாற்றியதும் அணைந்தது. முதல் பில்லையும் பழைய பில்களோடு அதே கோப்பில் சேர்த்துவிடுங்கள். நீங்கள் விற்கும் நாளில் வாங்க வருபவர் அதைத்தான் முதலில் கேட்பார்.